பெம்பர்லியில் ஒரு கொலை, கடம்பூரில் ஒரு கொலை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுவதாகச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு புத்தகத்தைப் பற்றியது. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலுக்கு பி. டி. ஜேம்ஸ் எழுதிய கொலை மர்மத் தொடர்ச்சியான 'டெத் கம்ஸ் டு பெம்பர்லி'யைப் படித்து ஏமாந்திருக்கிறீர்கள். அப்புறம் பார்த்தால் பாதி வாசகர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள், பாதிப்பேர் வசைபாடுகிறார்கள். ஏன் இப்படி என்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது: 'பொன்னியின் செல்வன் முடிந்த இடத்திலிருந்து ஆதித்த கரிகாலன் கொலையைத் துப்பறியும் கதையாக எழுத நினைக்கிறேன், வாசகர்கள் ஏற்பார்களா?' நீங்கள் கேட்பது அதைத்தான். என் பதில்: எழுதலாம். மூல நாவல் தானே திறந்து வைத்துவிட்டுப் போன கேள்வியை எடுத்துக்கொண்டு எழுதினால் ஏற்பார்கள். மூடி முடித்த வீட்டுக்குள் ஒரு பிணத்தைக் கொண்டுபோய்ப் போட்டால் ஏற்கமாட்டார்கள். மீதியெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

நான் குழித்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சொல்லிக் கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு களியக்காவிளையை அடுத்த ஓர் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டத்தைக் கவனித்து வருகிறேன். எல்லை ஊர் என்பதால் ஒரே அலமாரியில் தமிழும் மலையாளமும் நிற்கும்; இரண்டையும் படிக்கிறவர்கள் வருவார்கள். நான் நாவல் எழுதியவனில்லை, சட்டம் படித்தவனுமில்லை. அந்த இரண்டைப் பற்றிச் சொல்லும் இடங்களை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வேறுபாடு. ஒரு துப்பறியும் தொடரை, அதை எழுதியவர் இறந்த பிறகு வேறொருவர் நீட்டுவது ஒரு வகை. அகதா கிறிஸ்டியின் குடும்பத்தார் அனுமதியோடு சோஃபி ஹானா 2014இல் 'தி மோனோகிராம் மர்டர்ஸ்' எழுதி, கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவைத் திரும்பக் கொண்டுவந்தது அப்படி. அங்கே வாசகர் பிணத்தை எதிர்பார்த்தே வருகிறார். புதிர் நன்றாக இருக்கிறதா, பொய்ரோ பொய்ரோவாக இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகள்தான் அவருக்கு. ஹானா இதில் ஒரு புத்திசாலித்தனம் செய்தார். பழைய கதைகளைச் சொல்லும் பொய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸின் குரலைப் போலிசெய்யாமல் கேட்ச்பூல் என்ற புதிய ஸ்காட்லாந்து யார்டு அதிகாரியைக் கதைசொல்லியாக்கினார். நீங்கள் கேட்பது இரண்டாவது வகை: கொலையே இல்லாத, அல்லது கொலை ஒரு பகுதியாக மட்டும் வரும் பெரிய நாவலுக்குப் பின்னால் துப்பறியும் கதையை ஒட்டுவது. இது இன்னும் கஷ்டம். பழைய மனிதர்களோடு இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று வருகிறவர் ஒருவர், குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க வருகிறவர் இன்னொருவர். இரண்டு பேரையும் ஒரே புத்தகம் திருப்திப்படுத்த வேண்டும்.

இனி ஜேம்ஸின் புத்தகத்தின் முடிவைத் தொட்டே பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் படித்துவிட்டீர்கள், படிக்காதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போகலாம். எங்கள் நூலகத்துத் துப்பறியும் நாவல்களில் முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயரைப் பேனாவால் எழுதி வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாவத்தை நானும் செய்ய வேண்டாம்.

ஜேம்ஸ் இதை விளையாட்டாக எழுதியவர் இல்லை. 2011இல் இது வெளிவந்தபோது அவருக்கு வயது 91. பிரிட்டன் உள்துறை அமைச்சகத்தில் காவல், குற்றவியல் பிரிவுகளில் வேலை பார்த்தவர். ஆஸ்டினை வாழ்நாள் முழுக்கப் படித்தவர். 1998இல் ஆஸ்டின் அன்பர்கள் முன்னால் அவர் ஆற்றிய உரை ஒன்றில், 'எம்மா' நாவலையே ஒரு துப்பறியும் கதையாகப் படித்துக் காட்டினார். அதில் கொலை கிடையாது. ஃபிராங்க் சர்ச்சில் முடிவெட்டிக்கொள்ள என்று லண்டன் போய் வருகிறான். அதையொட்டி ஏழைப்பெண் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் இருக்கும் வீட்டுக்கு, அனுப்பியவர் பெயரில்லாமல் ஒரு பியானோ வந்து சேர்கிறது. ஊர் முழுக்க ஆளுக்கொரு ஊகம். இரண்டு பேருக்கும் ரகசிய நிச்சயம் நடந்திருக்கிறது என்பதற்கான தடயம் முழுவதும் நம் கண்முன்னாலேயே கிடக்கிறது, நாம்தான் எம்மாவோடு சேர்ந்து கோட்டை விடுகிறோம். முதல் தடவை படித்தவர்கள் திரும்ப ஒருமுறை படித்தால் இது எவ்வளவு நேர்மையான புதிர் என்று தெரியும். ஆக, ஆஸ்டின் உலகத்துக்குள் துப்பறிதல் அந்நியம் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்பதில்லை. கொலைதான் அந்நியம். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்'கின் கடைசி அத்தியாயத்தில், குற்றத்தையும் துயரத்தையும் வேறு பேனாக்கள் எழுதிக்கொள்ளட்டும் என்று ஆஸ்டினே சொல்லியிருக்கிறார். ஜேம்ஸ் தன் முன்குறிப்பில் அந்த வரியை எடுத்து வைத்து, ஆஸ்டினின் ஆவியிடம் மன்னிப்புக் கேட்கிறார். இப்படிப்பட்ட விஷயத்தை எழுத விரும்பியிருந்தால் அவரே எழுதியிருப்பார், இதைவிட நன்றாகவும் எழுதியிருப்பார் என்கிறார். அந்த மன்னிப்பு வெறும் சம்பிரதாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கே சறுக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

கதை 1803இல் நடக்கிறது. டார்சி, எலிசபெத் தம்பதியின் மாளிகையான பெம்பர்லியில் விருந்து நடனத்துக்கு முந்தின இரவு, வண்டியிலிருந்து எலிசபெத்தின் தங்கை லிடியா அலறிக்கொண்டு இறங்குகிறாள். காட்டுக்குள் கேப்டன் டென்னியின் உடல் கிடக்கிறது, பக்கத்தில் ரத்தக்கறையோடு அவருடைய நண்பனும் லிடியாவின் கணவனுமான விக்கம். இதில் ஜேம்ஸ் சரியாகப் பிடித்த ஒன்று விக்கம். மூல நாவலில் டார்சியின் பதினைந்து வயதுத் தங்கை ஜார்ஜியானாவை ஏமாற்றப் பார்த்து, லிடியாவை இழுத்துக்கொண்டு ஓடி, கடைசியில் டார்சியின் பணத்தில் கல்யாணம் செய்துகொண்டு தண்டனையே இல்லாமல் தப்பித்தவன் அவன். ஆஸ்டின் தீர்க்காமல் விட்ட கணக்கு அது. அவனைக் கூண்டில் நிறுத்தியதும் பழைய வாசகருக்கு ஓர் ஆர்வம் பிறக்கிறது. லண்டன் போலீஸ் படை உருவானது 1829இல்தான். அதற்கு முன்பு ஓர் ஊர்ப்புறக் கொலையை மாஜிஸ்டிரேட்டுகள் எப்படி விசாரித்தார்கள், மரண விசாரணை எப்படி நடந்தது, லண்டனின் குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியில் வழக்கு எப்படிப் போனது என்பதையெல்லாம் ஜேம்ஸ் தெரிந்து எழுதியிருக்கிறார். புத்தகத்தைக் கொண்டாடுகிற பாதிப்பேர் பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான் கொண்டாடுகிறார்கள். திட்டுகிற பாதிப்பேருக்கும் காரணம் உண்டு. டார்சி மாஜிஸ்டிரேட்; ஆனால் சொந்த மண்ணில் நடந்தது, சொந்த மைத்துனிக் கணவன் மேல் சந்தேகம் என்பதால் விசாரணையிலிருந்து ஒதுங்கியாக வேண்டும். எலிசபெத் பெண் என்பதால் அவளுக்கு இடமே இல்லை. முடிச்சு அவிழ்வதோ, சாகக் கிடக்கும் ஒருவரின் எழுத்துமூல ஒப்புதலால். ஆக, நாம் யாருக்காக வந்தோமோ அந்த இரண்டு பேரும் நாவல் முழுக்கக் கவலைப்படுகிறார்கள், நினைத்துப் பார்க்கிறார்கள், காத்திருக்கிறார்கள். எங்கள் வட்டத்தில் இந்தப் புத்தகத்தைப் பேசியபோது, ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இதை ஒரே வரியில் சொன்னார்: "லிடியா அலறினது செரிதான் சாரே, எலிசபெத்து என்னத்துக்கு சும்மா இருக்கா?" சேறு பட்ட பாவாடையோடு மூன்று மைல் நடந்துபோய் அக்காவைப் பார்த்தவள், டார்சியின் உறவுக்காரச் சீமாட்டி லேடி கேத்தரினுக்கு முகத்துக்கு நேரே பதில் சொன்னவள், வீட்டு வாசலில் கொலை விழுந்திருக்கும்போது பேச்சின்றி நிற்கிறாள். வாசகர் ஏமாறுவது புதிரால் அல்ல, இவளால்தான். பிபிசி 2013இல் மூன்று பகுதித் தொடராக எடுத்தபோது இதைக் கவனித்தார்கள். அந்த ஒப்புதலைப் பெற்று விக்கமைத் தூக்கிலிருந்து காப்பாற்ற ஓடுகிற வேலையை எலிசபெத்துக்குக் கொடுத்தார்கள். புத்தகம் பிடிக்காத சிலருக்குத் தொடர் பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

இதே பிரச்சினையில் கிளாடியா கிரே 2022இல் எழுதிய 'தி மர்டர் ஆஃப் மிஸ்டர் விக்கம்' வேறு வழியில் போனது. தலைப்பே சொல்கிறது, செத்தவன் விக்கம். டென்னி செத்தால் யாருக்கு என்ன? விக்கம் செத்தால் விருந்துக்குக் கூடிய வீட்டிலிருக்கும் அத்தனை பேருக்கும் காரணம் இருக்கிறது. துப்பறிகிறவர்களோ டார்சி தம்பதியின் மகனும், ஆஸ்டினின் இன்னொரு நாவலான 'நார்த்தேங்கர் அபி'யின் நாயகி கேத்தரினுடைய மகளும். ஆஸ்டின் எழுதாத பிள்ளைகள் என்பதால், 'இவன் இப்படிப் பேசமாட்டான்' என்று யாரும் சண்டைக்கு வர முடியாது. பழையவர்களும் அதே வீட்டில் இருக்கிறார்கள், ஆனால் பாரம் சுமப்பது புதியவர்கள். உங்கள் திட்டத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

மூலம் விட்டுப்போன இடைவெளியைப் பயன்படுத்தியவர்களில் நான் மிகவும் மதிப்பது திபெத்திய எழுத்தாளர் ஜம்யாங் நோர்புவை. கானன் டாயில் 1893இல் ஹோம்ஸைக் கொன்றார், வாசகர் கோபம் தாங்காமல் 1903இல் உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்றதற்கு, இரண்டு வருடம் திபெத்தில் சுற்றினேன், லாசாவுக்குப் போனேன் என்று ஹோம்ஸ் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நோர்பு அந்த ஒரு வரியை 1999இல் ஒரு நாவலாக்கினார். வாட்சன் இல்லாத இடத்தில் கதைசொல்ல, கிப்ளிங்கின் 'கிம்' நாவலிலிருந்து ஹரி சந்தர் முகர்ஜியை அழைத்துக்கொண்டார். கிப்ளிங்கின் கண்ணில் பாதிக் கேலிக்குரியவராக இருந்த வங்காளத்துப் பாபு, இங்கே கதையையே தாங்குகிறார். சொந்த நாட்டை இழந்த ஒருவர் எழுதிய திபெத் அது. சும்மா ஒட்டுப்போட்ட தொடர்ச்சி என்று அதை யாராலும் தள்ள முடியாததற்குக் காரணம், டாயிலுக்குத் தெரியாத ஒன்று நோர்புவுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்றும் சொல்ல வேண்டும். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவைப் பற்றி சி. வி. ராமன் பிள்ளை எழுதிய மலையாள நாவல் 'மார்த்தாண்டவர்மா' 1891இல் வந்தது. பத்மநாபபுரமும் அதைச் சுற்றிய ஊர்களும் அதில் வருவதால், தக்கலைக்காரர்கள் அதைத் தங்கள் ஊர்க் கதையாகவே படிப்பார்கள். காட்டில் வெட்டுப்பட்டுக் கிடக்கும் இளைஞனில் தொடங்கி, பைத்தியக்காரச் சான்னான் உண்மையில் யார் என்பது வரை, அது தன்னளவிலேயே ஒரு மர்மக் கதை. சி.வி. இருபது வருடத்துக்கும் மேல் கழித்து, 1913இல், 'தர்மராஜா' எழுதினார். அதில் வரும் ஹரிபஞ்சானன யோகியைச் சுற்றிய மர்மத்தின் வேர், முதல் நாவலில் மன்னரை எதிர்த்து ஒடுக்கப்பட்ட பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் வம்சத்தில் இருக்கிறது. மார்த்தாண்டவர்மா ஜெயித்தார் என்று முடிந்த கதையில், தோற்றவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதுதான் அடுத்த நாவலின் புதிர். ஆசிரியரே எழுதிய தொடர்ச்சி என்பதால் மட்டும் வாசகர் அதை ஏற்கவில்லை. அந்தக் கேள்வி ஏற்கெனவே அவர்கள் மனதில் இருந்தது.

தமிழ் வாசகர் தொடர்ச்சியை வெறுப்பவர் என்றும் நினைக்காதீர்கள். சிலப்பதிகாரத்துக்குப் பின் மாதவி மகளின் கதையாக மணிமேகலையை வைத்துப் படித்தே பழகியிருக்கிறோம். கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்தினார். உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாக வழக்கு. ஆனால் கம்பன் கழகங்களில் கூட்டம் சேர்வது பட்டாபிஷேகத்துக்குத்தான். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் ராமனைக் கேட்க யாருக்கும் மனமில்லை. அதைப் போலவே வலிக்கிற இன்னொரு இடத்தை, ராமன் சீதையைத் தீக்குளிக்க வைத்ததை, புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் குத்திப் பார்த்தார்; அதைக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமலும் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தார். இன்று அந்தக் கதையை யாரும் ராமாயணத்துக்குச் செய்த துரோகம் என்று சொல்வதில்லை. அகலிகை மறுபடியும் கல்லாவதற்கான காரணம் ராமாயணத்துக்குள்ளேயே இருக்கிறது.

சரி, கரிகாலன். கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார், அந்த ஆண்டு டிசம்பரிலேயே காலமானார். கொலை நடக்கும் கடம்பூர் மாளிகை அறையில் அவர் விளக்கை அணைத்துவிட்டார். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது, பெரிய பழுவேட்டரையர் தன் மேல் ஏற்றுக்கொள்கிறார், நந்தினியும் ரவிதாஸன் கூட்டமும் அங்கே இருக்கிறார்கள். திட்டமாக இவர்தான் என்று கல்கி எங்கும் சொல்லவில்லை. முடிவுரையில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதியபோதும் எல்லாக் கதவையும் அடைக்கவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை இதன் தொடர்ச்சியாக எழுதியபோது வாசகர்கள் விரும்பிப் படித்ததற்கு இதுதான் காரணம். எங்கள் நூலகத்தில் இன்றும் ஐந்தாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் மேசையை விட்டு நகராமல் நின்று, "இதுக்கப்புறம் என்ன ஆச்சு, புக்கு இருக்கா?" என்று கேட்பார்கள். வழக்கமாக அவர்கள் கேட்பது குந்தவை கல்யாணத்தை. கொலையைக் கேட்பவர்கள் கம்மி, ஆனால் கேட்டால் விடமாட்டார்கள்.

வரலாற்றில் உறுதியானது எது, ஊகம் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். உறுதியானது: காட்டுமன்னார்கோயில் உடையார்குடி கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் முதலியவர்களைப் பெயர் சொல்லி, அவர்கள், அவர்களுடைய உறவினர் சொத்துகளைப் பறிமுதல் செய்வதைப் பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு எழுதிய ஆணை அது. கல்கியின் ரவிதாஸனும் சோமனும் அங்கிருந்து வந்தவர்களே. வந்தியத்தேவன் முதல் அத்தியாயத்தில் குதிரையில் போகும் வீரநாராயண ஏரிக்கரையும் அதே ஊர்தான். ஊகம்: உத்தம சோழனுக்கு இதில் பங்கு உண்டா என்பது. வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார், இன்றுவரை தீர்ந்தபாடில்லை. இன்னொரு ஊகம் எங்கள் பக்கத்தில் பிரபலம்: கொலையாளிகள் திருவனந்தபுரம் பக்கத்துக் காந்தளூர்ச்சாலையில் பயின்றவர்கள், அதனால்தான் ராஜராஜன் காந்தளூர்ச்சாலைக் கலமறுத்தான், அதாவது அதன்மேல் படையெடுத்தான் என்பது. கேட்க அருமையாக இருக்கும், திருவனந்தபுரம் வரைக்கும் கதையை நகர்த்தலாம். ஆனால் உடையார்குடி கல்வெட்டு காந்தளூரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாவலில் தாராளமாக வையுங்கள், முன்னுரையில் உண்மை என்று எழுதாதீர்கள்.

என் கண்ணுக்கு உங்கள் புதிர் 'யார்' என்பதே அல்ல. பெயர்கள் கல்லில் இருக்கின்றன. கொலைக்கும் இந்த ஆணைக்கும் நடுவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். இடையில் உத்தம சோழனின் முழு ஆட்சிக்காலம். இவ்வளவு நாள் ஏன் யாரும் தொடவில்லை, ராஜராஜன் பட்டமேறியதும் யார் இந்தக் கட்டை அவிழ்த்தார்கள்? கல்கியின் நாவலும் வரலாறும் சேர்ந்து விட்டுப்போன இடைவெளி இது. விசாரிப்பவராக வந்தியத்தேவனை வைக்காதீர்கள். அவனைப் பற்றி ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு முடிவான எண்ணம் உண்டு, உங்கள் ஒரு வரி பிசகினால் போச்சு. வீரநாராயண மங்கலத்துச் சபையில் ஓலை எழுதும் ஒரு கணக்கரோ, பறிமுதலான வீட்டுக்கு மருமகளாகப் போன ஒரு பெண்ணோ விசாரிக்கட்டும். கொன்றவன் செய்ததற்கு மருமகள் வீட்டு நிலம் ஏன் போக வேண்டும் என்று அவள் கேட்டால், அது இன்றைய வாசகருக்கும் உறைக்கும். வந்தியத்தேவனும் குந்தவையும் நடு வயதைத் தாண்டியவர்களாக, இரண்டு மூன்று காட்சிகளில் மட்டும், தெரிந்ததை முழுதும் சொல்லாதவர்களாக வரலாம். நந்தினியை மட்டும் பிடித்துக் கொண்டுவந்து வாக்குமூலம் கொடுக்க வைக்காதீர்கள். ஜேம்ஸ் புத்தகத்தில் உங்களைச் சலிக்க வைத்த அதே ஒப்புதல் கடிதம் அது.

நடை விஷயத்தில், கல்கியைப் போலவே எழுத முயலாதீர்கள். 'வாசகர்களே' என்று அவர் கூப்பிடும் உரிமை அவருடையது. நீங்கள் கூப்பிட்டால் போலி என்று இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

சட்டம்: இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை. கல்கியின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது, 60 ஆண்டுகளும் 2014இல் முடிந்துவிட்டன. எனவே அவருடைய பாத்திரங்களை எடுத்து எழுதத் தடையில்லை. ஆனால் 2008இல் மறைந்த சுஜாதாவின் கணேஷையும் வசந்தையும் கூட்டிக்கொண்டு வந்து சோழர் கல்வெட்டைத் துப்பறிய வைக்கலாமே என்று உங்கள் குறிப்பின் நடுவில் எழுதியிருந்தீர்கள். அந்த எழுத்துகளுக்கு உரிமை 2068 முடிய இருக்கிறது. ஒரு பாத்திரத்தின் மீதே தனி உரிமை உண்டா என்பதில் வாதப் பிரதிவாதம் நடக்கக்கூடிய இடம் அது. குடும்பத்தாரின் எழுத்துமூல அனுமதியும் ஒரு வக்கீலின் ஆலோசனையும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். அட்டையில் 'பொன்னியின் செல்வன் ஆறாம் பாகம்' என்று போடாதீர்கள். உங்கள் பெயரும் உங்கள் தலைப்பும் பெரிதாக இருக்கட்டும், கல்கி நாவலிலிருந்து எடுத்துக்கொண்டவை எவை என்று முன்னுரையில் ஒரு பத்தி எழுதிவிடுங்கள். முதல் வரைவு முடிந்ததும், பொன்னியின் செல்வனைப் பலமுறை படித்த ஒருவரிடமும் ஒருமுறைகூடப் படிக்காத ஒருவரிடமும் கொடுங்கள். முதலாமவர் எந்தப் பக்கத்தில் கோபப்படுகிறார், இரண்டாமவர் எந்தப் பக்கத்தில் 'இது யாரு?' என்று கேட்கிறார் என்று குறித்துக்கொண்டு, அந்தப் பக்கங்களிலிருந்து திருத்த ஆரம்பியுங்கள்.